ஆறாயிரம் ரூபாய் ரீலுக்குள் என்ன இருக்கிறது?

மேசைமேல் விரித்த பழைய தினசரியில் இரண்டு ஸ்பின்னிங் ரீல்கள் காத்திருக்கின்றன. ஒன்றின் விலை ஆயிரத்து இருநூறு ரூபாய். மற்றது ஆறாயிரத்தைத் தாண்டும். நாட்றம்பள்ளிக் கடைவீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது இந்தப் பட்டறை. வாரநாட்களில் ஷூ அப்பர் தைக்கும் போஸ்ட் பெட் மிஷின்களும், தோலின் ஓரத்தை மெலிதாகச் சீவும் ஸ்கைவிங் மிஷின்களும்தான் இங்கே வரும். ஞாயிறு காலையில் தூண்டில் ரீல்கள் வந்து சேரும்.

பட்டறைக்காரர் ஐம்பதைக் கடந்தவர். தோல் கம்பெனிகளில் மிஷின் மெக்கானிக்காக இருந்துவிட்டுச் சொந்தமாகத் தொழில் வைத்தவர். எதிரே நிற்கும் இளைஞர் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்கிறார். விலை குறைந்த ரீல் அவருடையது. மற்றது பெங்களூரில் இருக்கும் நண்பரிடம் வாங்கிவந்த இரவல்.

"போனஸ் வரப்போவுது அண்ணா. இந்த மாதிரி ஒண்ணு வாங்கலாமா, இல்ல இருக்கறதையே ஓட்டலாமா?"

மெக்கானிக் பதில் சொல்லவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

கேள்வி சின்னதாகத் தோன்றலாம். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வாணியம்பாடிக்கு மேற்கே இருக்கும் இந்தப் பேரூரில் அது சின்னதல்ல. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்திலிருந்து திருப்பத்தூர் மாவட்டம் பிரிந்தபோது நாட்றம்பள்ளி அதன் வட்டங்களில் ஒன்றாயிற்று. மாவட்டத்தின் பெயர் மாறினாலும் பிழைப்பு மாறவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழிலை நம்பித்தான் இந்த வட்டாரத்தில் ஏராளமான குடும்பங்கள் இருக்கின்றன. விடிகாலையில் கம்பெனி வண்டிகள் கிராமம் கிராமமாக ஆளேற்றிப் போகும். வண்டி ஏறாத பெண்கள் பலர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு அப்பரைக் கையால் தைக்கிறார்கள். ஊசியில் விரல் தேய்ந்து சேரும் அந்தக் காசில் ஐயாயிரம் ரூபாய் என்பது பள்ளிக்கட்டணம், அல்லது மளிகைக் கணக்கு. பிடிக்கும் மீனும் குழம்புக்குத்தான் போகிறது. ஆகவே இந்த ஊரில் ரீலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயும் எந்தப் பாகத்துக்குப் போகிறது என்று பார்ப்பது நியாயமான வேலை.

பக்கத்தில் பாலாறு இருந்தும் தூண்டில்காரர்கள் அங்கே போவதில்லை. வருடத்தில் பெரும்பகுதி அது மணல். தோல் கழிவு இந்தப் பகுதி நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதற்கு உச்ச நீதிமன்றமே சாட்சி: வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. ஆற்றை விட்டுவிட்டு, வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் ஏரிகளுக்குத்தான் இவர்கள் போகிறார்கள். ஏரியின் குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டுத் தூண்டில் போட வேண்டும். விடுமுறை சேர்ந்து வந்தால் கிருஷ்ணகிரி அணைவரை பைக்கில் போவதும் உண்டு.

முதலில் திறந்தது ஆயிரத்து இருநூறு ரூபாய் ரீல். பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் கிரீஸ் பந்து பந்தாக அப்பியிருந்தது. சில பற்களில் ஒட்டவே இல்லை. மெக்கானிக் பழைய டூத் பிரஷ்ஷால் துடைத்துவிட்டுப் பெரிய கியரை விரலில் ஏந்திக் காட்டினார். துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றி எடுத்த கியர். அது குறையல்ல, விலை கூடிய ரீல்கள் பலவற்றிலும் அதே உலோகம்தான். குறை வேறிடத்தில் இருந்தது. அந்தக் கியரின் அச்சு ஒரு பக்கம் பேரிங்கிலும் மறுபக்கம் வெறும் பிளாஸ்டிக் புஷ்ஷிலும் உட்கார்ந்திருந்தது. புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து, அச்சு ஆடியது. அச்சு ஆடினால் பற்கள் முழுதாகப் பொருந்தாது; பாரம் வரும்போது நுனிப் பல்லில் நிற்கும். கைப்பிடியைச் சுற்றும்போது கேட்ட கரகரப்புக்குக் காரணம் அதுதான்.

"டப்பாவுல 13+1-ன்னு போட்டிருக்கே அண்ணா" என்றார் இளைஞர்.

எண்ணிப் பார்த்தபோது பேரிங்குகள் அத்தனை இல்லை. ஸ்பின்னிங் ரீல் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பதும், முதலில் ஏமாறுவதும் இந்த எண்ணில்தான். கூட்டல் குறிக்குப் பின்னால் வரும் 1, கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் ஒருவழிப் பேரிங். முன்னால் இருப்பது மற்ற பேரிங்குகளின் எண்ணிக்கை. ஷிமானோ கம்பெனியின் உச்சவிலை ரீலான ஸ்டெல்லாவில் 12+1. அதற்குப் பலபடி கீழே, ஆனாலும் உலகெங்கும் மதிக்கப்படும் ஸ்ட்ராடிக்கில் 6+1. ஐம்பதாயிரத்தைத் தாண்டும் ஸ்டெல்லாவைவிட ஆயிரத்து இருநூறு ரூபாய் ரீலில் பேரிங் அதிகம் என்றால், அந்த எண்ணை நம்பி ரீல் வாங்குவதில் அர்த்தமில்லை. எத்தனை என்பதைவிட எங்கே என்பது முக்கியம். பெரிய கியரின் இரண்டு பக்கம், சின்னக் கியரான பினியனைத் தாங்கும் இடம், தூண்டில் நரம்பு உருண்டு வரும் ரோலர் — இந்த இடங்களில் நல்ல பேரிங் இருந்தால் மற்றவை குறைந்தாலும் நஷ்டமில்லை.

ஷிமானோவின் கதை இந்தப் பட்டறைக்கு அந்நியமானதல்ல. 1921-ல் ஜப்பானின் சகாய் நகரில் தொடங்கிய அந்தப் பட்டறையின் முதல் பொருள் சைக்கிள் ஃப்ரீவீல். மிதித்தால் சக்கரத்தைத் தள்ளும், மிதிக்காவிட்டால் சும்மா ஓடும் ஒருவழிச் சுழற்சி. தூண்டில் சாமான் செய்ய அவர்கள் வந்தது 1970-ல். ஒரு திசையில் சுழன்று மறுதிசையில் நிற்கும் கலையில் ஐம்பது வருடம் பழகிய கைகள் அவை. அதற்கும் முன்னால், நரம்பு சுற்றிய ஸ்பூலை அசையாமல் நிறுத்தி அதன் முனைவழியே நரம்பை உருவிப் போகவிடும் ரீலுக்கு 1905-ல் காப்புரிமை வாங்கிய ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்துக் கம்பளி ஆலைக்காரர். ஆலையில் நூல் உருளையின் தலைவழியே நூல் உருவி ஓடுவதை நாள்தோறும் பார்த்தவர். மிஷின் ஓடும் ஊரில்தான் இந்த ரீலே பிறந்திருக்கிறது என்பதை மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் தலையசைத்துக்கொண்டே அடுத்த ரீலின் ஸ்க்ரூவைத் திருகினார்.

ஆறாயிரம் ரூபாய் ரீலின் உடல் அலுமினியம். உள்ளே கியரின் இரு பக்கமும் பேரிங். பற்களின் இடைவெளி நுணுக்கமாக இருந்தது. கைப்பிடியைப் பொருத்தி ஒருமுறை தள்ளிவிட்டபோது சத்தமில்லாமல் சுழன்று நின்றது. வித்தியாசம் கையிலேயே தெரிந்தது; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மெக்கானிக் அந்தச் சுழற்சியில் மயங்கவில்லை. "சும்மா சுத்தறப்ப எல்லா மிஷினும் நல்லாத்தான் ஓடும் தம்பி. தோல் வெச்சு ஓட்டணும்" என்றார்.

தோல் வைத்து ஓட்டுவது என்றால் ரீலுக்கு டிராக். தையல் மிஷினில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே நூல் எவ்வளவு இறுக்கத்தோடு போக வேண்டும் என்பதை டென்ஷன் திருகு தீர்மானிப்பதுபோல, மீன் இழுக்கும்போது நரம்பு எந்த விசையில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை ஸ்பூல்மேல் இருக்கும் திருகு தீர்மானிக்கிறது. நரம்பு தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை அதை வைப்பது வழக்கம். கம்பியில் தொங்கவிடும் சின்ன டிஜிட்டல் தராசில் நரம்பை மாட்டி மெக்கானிக் இழுத்துக் காட்டினார். மலிவு ரீலில் தராசின் எண் மளமளவென ஏறியது, பிறகு வெடுக்கென்று விட்டது, எண் சரிந்தது, மறுபடி ஏறியது. அந்த முதல் வெடுக்கில்தான் நரம்பு அறும், முள் பிய்ந்துகொண்டு வரும். விலை கூடிய ரீலில் எண் ஏறி, ஏறிய இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. நான் பார்த்தவற்றில் கூடுதல் பணத்துக்குத் தெளிவான பதில் கிடைத்த இடம் இதுதான்.

காரணம் ஸ்பூலுக்குள் இருக்கும் வாஷர்கள். மலிவு ரீலில் எண்ணெய் காய்ந்த ஒற்றைக் கம்பளித் துணி வாஷர். மற்றதில் கார்பன் வாஷர்கள். இந்த இடத்தில் தோலுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. நூறு வருடத்துக்கு முன்பு பெரிய கடல்மீன் பிடிக்கப் போனவர்கள் ரீலின் சட்டத்தில் ஒரு தோல் பட்டையைக் கட்டி, அதைக் கட்டைவிரலால் ஸ்பூலில் அழுத்தித்தான் மீனின் ஓட்டத்தைத் தடுத்தார்கள். 1913-ல் கலிபோர்னியாவின் கேட்டலினா தீவுக் கடலில் வில்லியம் போஷன் ஒரு வாள்மீனை ரீலில் பிடித்துக் காட்டியபோது, டிராக் ரீலுக்குள்ளேயே இருந்தது. உள்ளே போன பின்பும் பல ரீல்களில் வாஷர் நெடுங்காலம் தோலாகவே இருந்தது. எண்ணெய் குடித்த தோல் வழுக்கும், ஆனால் விடாது.

மெக்கானிக் அந்த வரலாற்றைப் படித்தவரல்ல. ஆனால் மிச்சத் தோல் கிடக்கும் பெட்டியைத் துழாவி ஒரு துண்டு எடுத்தார். குரோம் தோலைத் தள்ளிவிட்டார். அது பஞ்சுபோல் இழுபடும். மரப்பட்டைச் சாறில் பதனிட்ட தோலாகப் பார்த்தார். இப்போது கட்டிங் இளைஞரின் முறை. துண்டை இரு கையாலும் பிடித்து நீளவாக்கிலும் குறுக்காகவும் இழுத்துப் பார்த்தார். ஷூ அப்பர் வெட்டும்போது இழுபடாத திசை குதிகாலிலிருந்து விரல்முனைக்குப் போக வேண்டும் என்பது அவர் தொழிலின் முதல் பாடம். விரல் தன்னால் அதைத் தேடியது. நரம்போட்டமோ பூச்சிக்கடித் தழும்போ இல்லாத இடத்தில் அவர் விரலை வைக்க, மெக்கானிக் அங்கே வட்டப் பஞ்ச்சை வைத்துச் சுத்தியலால் ஓர் அடி அடித்தார். நடுத்துளைக்கு இன்னோர் அடி. மிஷின் எண்ணெயில் ஊறப்போட்டு, பிழிந்து, ஸ்பூலில் வைத்துத் தராசை மறுபடி மாட்டினார். வெடுக்கென்ற துள்ளல் பாதிக்குமேல் போய்விட்டது. கார்பனுக்கு ஈடில்லை; ஈரம் ஏறினால் மாறும், அவ்வப்போது எண்ணெய் காட்ட வேண்டும். ஆனாலும் ஐந்து ரூபாய் பெறாத தோல் துண்டு அந்த ரீலுக்கு இன்னொரு வருடம் கொடுத்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

சாயங்காலம் ஊர் ஏரிக்கரையில் இரண்டு ரீல்களும் தண்ணீரைப் பார்த்தன. இங்கே குறி விரால். விரால் மூச்சுக்காற்றுக்காக மேலே வரும் மீன். ஆகாயத்தாமரையும் கோரையும் அடர்ந்த இடத்தில் பதுங்கும். உள்ளீடற்ற ரப்பர் தவளையை அந்தப் பச்சைக்கு மேலே எறிந்து, விட்டுவிட்டு இழுத்தால் கீழிருந்து பாய்ந்து கவ்வும். குஞ்சுகளைக் காத்துக்கொண்டு சுற்றும் விராலுக்குத் தவளை போடுவது சுலபம். ஏரியை நேசிக்கிற எவரும் அதைச் செய்யக் கூடாது. தூண்டில் போட வந்த இளைஞர்கள் குஞ்சுக் கூட்டம் தெரிந்த மூலையை விட்டு விலகியே போட்டார்கள். மனசுக்கு நிறைவாக இருந்தது.

விரால் கவ்வியதும் ஓடவிட முடியாது. ஓடினால் கோரையில் சுற்றிக்கொள்ளும். டிராக்கை ஏறக்குறைய பூட்டிவிட்டு முரட்டுத்தனமாக இழுக்க வேண்டும். அதாவது பட்டறையில் அவ்வளவு பெரிதாகத் தெரிந்த டிராக்கின் மென்மை இந்த ஏரியில், இந்த மீனுக்கு, பெரிதாக உதவுவதில்லை. இங்கே அடி வாங்குவது கியரும் உடலும்தான். விலை குறைந்த ரீலில் மீன் மாட்டியபோது பிளாஸ்டிக் உடல் லேசாக முறுக்குவதைக் கைப்பிடியில் உணர முடிந்தது. மீன் வந்து சேர்ந்தது என்பதும் உண்மை. அலுமினிய உடலில் அந்த முறுக்கல் இல்லை. கெண்டைக்கும் ஜிலேபிக்கும் தக்கை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவருக்கோ இரண்டுமே தேவைப்படவில்லை; மூங்கில் கழியில் தங்கூசி நரம்பு கட்டி, அவர்தான் அன்று பையை நிரப்பினார்.

எறியும் தூரத்திலும் ரீலின் விலை பெரிய வேறுபாடு காட்டவில்லை. வேறுபாடு காட்டியது நரம்பு. மலிவு ரீலில் சுருள் விழுந்த பழைய மோனோ நரம்பு. இரவல் ரீலில் மெல்லிய பின்னல் நரம்பு. கரையிலேயே ஸ்பூலை மாற்ற வழியில்லாததால் பின்னல் நரம்பை மலிவு ரீலுக்கு மாற்றிச் சுற்றினார்கள். அடியில் சில சுற்று மோனோ வைத்து அதன்மேல்தான் சுற்ற வேண்டும். வெறும் ஸ்பூலில் சுற்றினால் பின்னல் நரம்பு மொத்தமாக வழுக்கும். மாற்றிய பிறகு தவளை விழுந்த இடம் கண்ணுக்கே தெரிந்த அளவு தள்ளிப்போனது. எறிந்ததும், நரம்பைப் பிடித்து ஸ்பூலில் சுற்றும் வளைகம்பியைக் கையால் மூடுவது, டிராக் விட்டுக்கொடுக்கும்போது கைப்பிடியைச் சுற்றாமல் இருப்பது — நரம்பு முறுக்கேறாமல் காக்கும் இந்த இரண்டு பழக்கத்துக்கும் காசு கிடையாது.

கடல் என்றால் கணக்கு வேறு. கோவளத்திலோ பழவேற்காட்டிலோ கல்மேல் நின்று எறிபவருக்கு உப்புத் தண்ணீர் ரோலர் பேரிங்கிலும் ஒருவழிப் பேரிங்கிலும் புகுந்து இறுக்கிவிடும். நீர் புகாமல் அடைத்துக் கட்டிய ரீலுக்கு அங்கே கூடக் கொடுக்கும் பணம் வீணல்ல. ஓடும் மீனுக்குக் கார்பன் டிராக்கும் அங்கே தேவை. நாட்றம்பள்ளியிலிருந்து வருடத்தில் எப்போதோ கடலுக்குப் போகிறவருக்கு இரவல் போதும், திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துக் கொடுத்துவிட வேண்டும்.

மெக்கானிக்குக் கடைசியாக ஒரு கவலை இருந்தது: உதிரி பாகம். இந்த ஊரில் பழைய ஜெர்மன் தையல் மிஷினைப் பலர் தேடி வாங்குவது அது ஜெர்மன் என்பதற்காக மட்டுமல்ல, தேய்ந்த பாகத்துக்கு மாற்று கிடைக்கும் என்பதற்காகவும்தான். ரீலில் பேரிங் பொது அளவுதான். 7 மில்லிமீட்டர் துளை, 14 விட்டம், 5 கனம் என்று சொன்னால் பேரிங் கடையில் கேட்டு வாங்கலாம். பெரிய கியரோ வளைகம்பியின் ஸ்பிரிங்கோ உடைந்தால் அந்த மாடலுக்கு உரியதே வேண்டும். அது கிடைக்காமல் நல்ல விலை ரீல்கள் அவர் அலமாரியில் பிரித்தபடியே கிடக்கின்றன.

மறுவாரம் முடிவு தெரிந்தது. ஆறாயிரம் இல்லை. மூவாயிரத்துக்குள் ஒரு ரீல், கியரின் இரு பக்கமும் பேரிங் இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு. எண்ணூறு ரூபாய் பின்னல் நரம்புக்கு. மிச்சப் பணம் வீட்டுக்கு. பழைய ரீலின் பிளாஸ்டிக் புஷ்ஷை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 7-14-5 பேரிங் ஒன்றை மெக்கானிக் இறக்கிவிட்டார். தோல் வாஷரோடு அது இப்போது இளைஞரின் தம்பியிடம் இருக்கிறது. புது ரீல் வந்ததும் ஓட்டிப் பார்க்கும் முன்பே பட்டறைக்குக் கொண்டுவரும்படி மெக்கானிக் சொல்லியிருக்கிறார், கிரீஸ் சரியாகப் பூசியிருக்கிறார்களா என்று திறந்து பார்க்க.