அக்காவின் ழகரம்

"வட்டியைத் தழ்ழுபடி பண்ணணும் சார்" என்று அண்ணன் வங்கி மேலாளரிடம் கேட்டது எங்கள் குடும்பத்தில் இன்றும் ஓடுகிற வேடிக்கை. சங்கரன்கோவில் பக்கம் ழகரம் ளகரமாகத்தான் ஒலிக்கும்: மளை, கோளி, களுத்து. அதிகாரி முன்னால் திருத்திப் பேச நினைத்தவன், திருத்த வேண்டாத ளகரத்தையும் சேர்த்துத் திருத்திவிட்டான். ஊருக்குள் அவனுக்கு அந்தக் கவலை கிடையாது. மளை என்று சொல்லியே விதைப்பான், அறுப்பான், பஞ்சாயத்திலும் பேசுவான்.

அவனுக்கு நேர் இளையவள் அக்கா. ஆசிரியர் பயிற்சிக்குப் பாளையங்கோட்டை போய், முதல் விடுமுறைக்கு வந்தவள், முற்றத்தில் நின்று "மழை வரும்போல இருக்கு" என்றாள். "என்னளா, ரேடியோல பேசுத மாரி பேசுத?" என்றான் அண்ணன். ஆச்சி சிரிக்கவில்லை. "டீச்சர்னா அப்பிடித்தான் பேசணும்" என்றாள். பையன் எவனாவது அப்படிப் பேசியிருந்தால் அதே ஆச்சி "பொம்பள மாரி இளுக்கான்" என்றிருப்பாள்.

சின்ன அத்தையும் அந்த வீட்டில்தான் இருந்தாள். பீடி சுற்றுவாள். இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டிக் கொடுத்தால் கூலி. ழகரத்துக்குத் தனிக் காசு இல்லை. கடைசிவரை கோளிதான், களுத்துதான். பெண்கள் என்றாலே திருத்தமாகப் பேசுவார்கள் என்கிறவர்களை அதனால் நான் நம்புவதில்லை.

சூசன் கால் என்ற ஆய்வாளர் 1970களில் ஆஸ்திரியாவின் ஓபர்வார்ட் ஊரில் தங்கிப் பார்த்தார். 1921 வரை ஹங்கேரியோடு இருந்த பகுதி. அங்கே உச்சரிப்பு என்ன, மொழியே மாறிக்கொண்டிருந்தது. ஹங்கேரியன் உழவர் பேச்சு. ஜெர்மன் சம்பள வேலையின் பேச்சு. ஜெர்மனுக்கு முந்தி நகர்ந்தவர்கள் இளம்பெண்கள். தொழுவமும் வயலுமாக மாயும் உழவன் மனைவியாக அவர்களுக்கு விருப்பமில்லை. உழவர் வீட்டுப் பையன்களுக்கு உள்ளூரில் பெண் கிடைப்பது கஷ்டமாயிற்று.

படித்தபோது அக்காதான் கண்முன் வந்தாள். ஏழு ஏக்கர் கரிசலும் கிணறும் அண்ணனுக்கென்று அவள் பிறந்தபோதே முடிவாகிவிட்டது. நிலம் உள்ளவன் எப்படிப் பேசினாலும் ஊர் கேட்கும். அவளுக்கு இருந்தது வேலைக்குப் போகும் வழி ஒன்றுதான். அதில் வாயும் சேர்த்தி. கோபம் வந்தால் பழைய ளகரம் வந்துவிடும் என்று எழுத ஆசைதான். வராது. திட்டும்போதும் ழகரம் பிசகாது.

அண்ணன் மகனுக்கு இப்போது பெண் தேடுகிறோம். பி.எஸ்சி. முடித்துவிட்டு ஊரில் விவசாயம் பார்க்கிறான். "ஏளு ஏக்கர் இருக்கு" என்று அண்ணன் தொடங்கினால், பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். இப்போதெல்லாம் தரகர் நம்பர் கொடுத்ததும் போனை அக்கா கையில் கொடுத்துவிடுகிறான்.