உடன்படிக்கையில் ஒரு வரி

நடுவணரசு அலுவலகத்தில் எழுத்தராய் இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நமக்கு, எந்த ஆவணத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கும் பழக்கம் படிந்துவிட்டது. முதற்பக்கத்தில் கொள்கை முழங்கும். நம் போன்றோரின் வாழ்வு பின்னிணைப்பில் ஒரு வரியாய் ஒதுங்கியிருக்கும். அத்தகைய இடமாற்ற வரி ஒன்றினாலேயே நாமும் இந்நகருக்கு வந்து சேர்ந்தோம்.

ஐரோப்பிய அமைதி உடன்படிக்கைகளையும் நாம் அவ்வாறே படித்தோம். பேரரசுகளின் பெயர்களுக்குக் கீழே ஒரு சிற்றரசின் பெயர் மீண்டும் மீண்டும் தலைகாட்டிற்று. அதுதான் ஆரஞ்சு.

பிரான்சின் தெற்கே, அவிஞோன் நகருக்கு வடக்கே உள்ளது அவ்வூர். பழத்திலிருந்து வந்த பெயரன்று; உரோமர் காலத்து 'அரௌசியோ' என்பதன் மரூஉ. சூழ்ந்திருந்தவையோ பிரெஞ்சு மன்னரின் நிலமும் போப்பாண்டவரின் நிலமும். ஆயினும் அதன் தலைவர் எவர்க்கும் கீழ்ப்படாத அரசர் என்னும் தகுதி பெற்றிருந்தார். ஊர் சிறிது, அது தந்த பட்டமோ பெரிது.

1544-இல் அப்பட்டம் நாசோ குடியில் பிறந்த வில்லியம் என்னும் 11 வயதுச் சிறுவனை அடைந்தது. பின்னாளில் ஒல்லாந்து விடுதலைப் போருக்குத் தலைமை தாங்கியவர் அவரே. 1559-ஆம் ஆண்டுக் காட்டோ கம்பிரேசி உடன்படிக்கைக்கு ஸ்பெயினின் சார்பில் பேசச் சென்றோருள் அவரும் ஒருவர். ஆரஞ்சும் அவருக்கு மீண்டது.

நூறாண்டு கழிந்தபின் பதினான்காம் லூயி மன்னர் அவ்வூரைக் கவர்ந்து, கோட்டையை இடித்தார். 1678-இல் நைமேகன் உடன்படிக்கை அதனைத் திருப்பித் தந்தது. மன்னர் மறுபடியும் கவர்ந்தார். 1685-இல் படைவீரரை வீடுகளில் தங்கவைத்து, புராட்டஸ்டண்டு மக்களை மதம் மாறுமாறு நெருக்கினார். 1697-இல் ரைசுவிக் உடன்படிக்கை அதனை மீண்டும் வில்லியம் மரபினரான மூன்றாம் வில்லியத்திற்கு அளித்தது. அவரோ அப்போது இங்கிலாந்தின் மன்னர். 1702-இல் அவர் மகப்பேறின்றி மறைந்தார்.

1703-இல் புராட்டஸ்டண்டு மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். மூட்டை முடிச்சுகளுடன் ஜெனிவா சென்றனர். அங்கிருந்து பலர் பிரஷிய நாட்டை அடைந்தனர். பத்தாண்டுக்குப் பின், 1713-இல், யூட்ரெக்ட் உடன்படிக்கையில் பிரஷிய மன்னர் அந்நிலத்தைப் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்தார். பட்டத்தையும் சின்னத்தையும் தமக்கே வைத்துக்கொண்டார். தமக்குக் கிடைத்த கெல்டர்லாந்துப் பகுதிக்கு ஆரஞ்சின் பெயரைச் சூட்டிக்கொள்ளவும் அவ்வுடன்படிக்கை இசைவு தந்தது!

பெயரை எந்நிலத்தில் வேண்டுமானாலும் நடலாம் என்பது அரசர்களின் கணக்கு. இன்றும் நெதர்லாந்து அரியணைக்குரியவர் ஆரஞ்சு இளவரசி என்றே வழங்கப்படுகிறார். ஊர் பிரான்சில் இருக்கிறது. ஆனால் பூட்டிய வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஜெனிவாச் சாலையில் நடந்தவனுக்கு ஆரஞ்சு என்பது பட்டமன்று. கிணறும் தெருவும் பெற்றோரின் கல்லறையும் அல்லவா? அவனுக்கு எதனைத் திருப்பித் தந்தது எந்த உடன்படிக்கை?

இடமாற்றப் பட்டியல் நம் மேசைக்கு வரும்போதெல்லாம் அவன் நினைவு வருகிறது. வரிசை எண்ணைச் சரிபார்ப்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கிறோம்.