பழைய பாவும் புதுப் பாலமும்



எங்கள் வீடு பாலாற்றுக்குத் தென்கரையில், அவளூர் பக்கம் இருக்கிறது. பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து, 348 கி.மீ. ஓடி, வயலூர் பக்கம் கடலில் சேருகிறது என்று படிக்கிறோம். ஆனால் நான் சின்ன வயசில் பார்த்ததெல்லாம் மணல்தான். "ஆறுன்னா தண்ணி இருக்கணுமே ஆயா?" என்று கேட்பேன். "வரும்டி. வந்தா தெரியும்" என்பார் ஆயா.

2021 நவம்பரில் வந்தது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. பாலாறு அணைக்கட்டில் ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் போனதாகச் சொன்னார்கள். ஊரே கரைக்கு ஓடியது. பூப் போட்டுக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார்கள். நானும் கைதட்டிக் குதித்தேன். அந்த வெள்ளத்தில்தான் வாலாஜாபாத் போகிற அவளூர் தரைப்பாலம் உடைந்தது.

இரண்டு நாள் கழித்து ராத்திரி ஆயாவுக்கு மூச்சுத் திணறல். எப்போதும் ஆற்றைத் தாண்டினால் வாலாஜாபாத் ஆஸ்பத்திரி. அன்றைக்குக் காஞ்சிபுரம் வழியாகச் சுற்றிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. ஆட்டோவில் ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டே போனேன். கை ஜில்லென்று இருந்தது. அப்பா தறியில் இருந்த சேலைக்கு முன்பணம் வாங்கி வைத்திருந்தார். அது ஆட்டோவுக்கும் மருந்துக்குமே சரியாகப் போய்விட்டது. ஆயா பிழைத்துக்கொண்டார். ஆனால் நான் ஆற்றைப் பார்த்துக் கைதட்டியதை நினைத்து வெகுநாள் வெட்கப்பட்டேன்.

இதை வகுப்பில் சொன்னபோது சமூக அறிவியல் சார் இரண்டு பாலங்களைப் பற்றிச் சொன்னார்.

ஒன்று, திருச்சியில் கொள்ளிடத்தின் மேல் 1928-இல் கட்டிய இரும்புப் பாலம். அதற்கு வயசாகிவிட்டது என்று பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டி 2016-இல் திறந்தார்கள். பழையதில் வண்டி விடுவதை நிறுத்தினார்கள். 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்து பழைய பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. ஜனங்கள் புதுப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று, மகாராஷ்டிராவில் மகாடு என்ற ஊரில், மும்பை–கோவா நெடுஞ்சாலையில் சாவித்திரி ஆற்றின் மேல் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. அதில் வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. 2016 ஆகஸ்ட் 2 ராத்திரி அது வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனபோது இரண்டு அரசு பஸ்களும் போய்விட்டன. 2017 ஜூனிலேயே புதுப் பாலம் திறந்துவிட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் கட்ட முடிகிற பாலத்தை ஒரு வருஷம் முன்னாடியே கட்டியிருந்தால் அந்த பஸ்ஸில் போனவர்கள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்களே!

"பாலம் மேலே பார்த்தா நல்லாத்தான் இருக்கும். வெள்ளம் தூணுக்குக் கீழே இருக்கிற மணலை அரிச்சுக்கிட்டே இருக்கும். மணலை அள்ளினா இன்னும் சீக்கிரம் அடித்தளம் வெளியே வந்துடும்" என்றார் சார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா அப்போது பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரியும். பழைய பாவு முடியப் போகும்போது அதை மொத்தமாக அறுத்து எடுத்துவிடமாட்டார்கள். அதன் நுனி தறியிலேயே இருக்கும். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அதோடு சேர்த்து முறுக்குவார்கள். அப்பா தலை நிமிராமலே சொன்னார்: "பழசு கையில இருக்கும்போதே புதுசைச் சேர்த்துடணும்மா. அறுந்து போனப்புறம் சேர்க்கறது ரெட்டை வேலை."

பாலமும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றியது.

நாம் மாணவர்கள், பாலம் கட்ட நம்மால் முடியாது. ஆனால் பார்க்க முடியும். பாலத்தில் விரிசல் கண்டால், தூணுக்கடியில் மணல் போயிருந்தால், வீட்டில் சொல்லலாம். பெரியவர்கள் அதைக் கிராம சபையில் சொல்லலாம். எங்கள் தெருவில் இந்த முறை கிராம சபைக்கு முதலில் கிளம்பப் போவது யார் தெரியுமா? எங்கள் ஆயாதான். "உயரமா ஒரு பாலம் கேக்கணும்டி, நீயும் வா" என்று என்னையும் கூப்பிட்டிருக்கிறார். நான் போகிறேன். நீங்களும் உங்கள் ஊரில் போங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி