அப்பாவின் பூட்ஸும் அண்ணனின் ஷூவும்

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு பேரவைச் செயலர் என்னை கேன்டீன் வாசலில் மடக்கியபோது, "எனக்குக் கவிதை வராதுங்க, வேணும்னா ஷூவைப் பத்தி எழுதறேன்" என்றேன். தப்பித்துக்கொள்வதற்காகச் சொன்னதுதான். மனிதர் சளைக்கவில்லை. "எழுது, நாலு பக்கம் காலியா கிடக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போய்விட்டார். ஆகவே நண்பர்களே, பழி என்மேல் இல்லை!

அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் முப்பத்துநான்கு ஆண்டுகள் வேலை பார்த்து 2024இல் ஓய்வு பெற்றார். வேலை முடிந்தால் குவார்ட்டர்ஸும் முடிந்தது. இது நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை. மா, பலா, முருங்கை எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, சாமான்களை மட்டும் லாரியில் ஏற்றிக்கொண்டு மந்தாரக்குப்பம் பக்கம் வாடகை வீட்டுக்குப் போனோம். பரணைக் காலி செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய பித்தளை அண்டா, ஓடாத மிக்ஸி, என் ஐந்தாம் வகுப்புக் கோப்பை... இவற்றோடு இரண்டு ஜோடி காலணிகளும் கிடைத்தன.

ஒன்று அப்பாவின் பழைய பூட்ஸ். கணுக்கால் வரை உயர்ந்த கறுப்புத் தோல், தடித்த ரப்பர் சோல், விரல்களுக்கு மேலே உள்ளே வைத்துத் தைத்த இரும்புத் தொப்பி. நாக்குத் துணியின் உட்புறத்தில் பால்பாயின்ட் பேனாவால் "12/2009" என்று எழுதியிருந்தது. புது ஜோடி வாங்கிய அன்றே மாதத்தையும் ஆண்டையும் எழுதி வைப்பது அப்பாவின் வழக்கம்.

இன்னொன்று அண்ணனுடையது. அட்டைப் பெட்டியோடு, அதற்கு மேல் அம்மா சுற்றிய பிளாஸ்டிக் பையோடு, ஒரு நாள்கூடக் கால் படாமல் இருந்தது. அண்ணனும் நம்மைப் போல டிப்ளமோ படித்தவர்தான். வளைகுடாவில் ஒரு வேலைக்கு ஆர்டர் வந்து, 2020 ஏப்ரலில் போவதாக டிக்கெட் போட்டு, மார்ச் முதல் வாரம் சென்னைக்குப் போய் இந்த ஷூவை வாங்கி வந்தார். மார்ச் கடைசியில் விமானமே நின்றுபோனது. கொரோனா அடங்கியபோது அந்த வேலையும் இல்லை, ஆர்டர் கொடுத்தவர்களும் இல்லை. அண்ணன் இப்போது செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஷூவைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அம்மா மட்டும் வருடத்துக்கு ஒரு முறை எடுத்துத் தூசு தட்டி மறுபடி சுற்றி வைப்பாள்.

மெக்கானிக்கல் படிக்கிற பையன் கையில் இரண்டு ஜோடி கிடைத்தால் சும்மா இருப்பானா? அம்மாவின் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்தேன். (அம்மா அந்தத் தராசை மூன்று முறை கழுவினாள்.) அப்பாவுடையது ஒரு கால் 920 கிராம். அண்ணனுடையது 570. ஒரு காலுக்கு 350 கிராம் வித்தியாசம். "இவ்வளவுதானா" என்று தோன்றும். ஆனால் காலில் கட்டிய ஒரு கிலோ, முதுகில் தூக்கிய சுமார் ஐந்து கிலோவுக்குச் சமம் என்பது படைவீரர்களை நடக்கவைத்துச் செய்த சோதனைகளில் கண்டது. ஒவ்வொரு அடிக்கும் அந்த எடையைத் தூக்கி, வீசி, நிறுத்த வேண்டியிருக்கிறதே! ஷிப்டுக்குப் பல கிலோமீட்டர் பெல்ட் ஓரமாக நடக்கிறவருக்கு அது சின்ன விஷயம் அல்ல.

பழைய பூட்ஸில் வளையும் தன்மை குறைவு. புதிதாக வாங்கினால் இரண்டு வாரம் குதிகாலில் கொப்புளம்தான். அப்பா விளக்கெண்ணெய் தடவி, செய்தித்தாள் திணித்து, நிழலில் காயவைத்துப் பதப்படுத்துவார். அண்ணனுடைய ஷூவோ போட்ட நிமிடமே காலோடு ஒட்டிக்கொண்டது. சோல் பாலியூரித்தேன், அதாவது நுரை போல ஊதி நேரடியாக மேல்தோலோடு சேர்த்து வார்த்தது. தையலும் இல்லை, ஆணியும் இல்லை. விரல் தொப்பி இரும்பு அல்ல, கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக். அதனால் எடையும் குறைவு, மே மாத வெயிலில் விரலும் அவ்வளவாகச் சுடாது.

பலம் குறைவோ என்று கேட்பீர்கள். இல்லை. இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 15298 என்று ஒன்று இருக்கிறது. பாதுகாப்புக் காலணியின் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும் என்கிறது அது. 20 கிலோ எடை சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விரல்மேல் விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரும்பானாலும் பிளாஸ்டிக் ஆனாலும் பரீட்சை ஒன்றுதான்.

ஆகவே 2025 மே மாதம் பயிற்சிக்குச் சுரங்கத்துக்குப் போகிற அன்று நான் எதைப் போட்டேன் என்று சொல்லவே வேண்டாம். அப்பா வாசலில் நின்று, "அஞ்சு வருஷம் சும்மா கெடந்ததுடா, என்னுதைப் போட்டுக்கிட்டுப் போ" என்றார். "உங்க பூட்ஸைப் போட்டா ரெண்டு காலிலும் அம்மிக்கல்லைக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கும்பா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அண்ணனுடைய ஷூவின் பிளாஸ்டிக்கைப் பிரித்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் முகத்தில் ஒரு திருப்தி. ஒருவழியாக அது வேலைக்குப் போகிறதே!

நம்முடைய சுரங்க மண் சாதாரண மண் அல்ல. பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் கடலூர் மணற்கல் உப்புத்தாள் மாதிரி அராவும். ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் இயந்திரங்களின் பற்களையே தொடக்க காலத்தில் அது தேய்த்துத் தின்றது என்பது இங்கே எல்லோரும் சொல்லும் வரலாறு. அந்த மண் ரோட்டில் தூசு கிளம்பாமல் லாரியில் தண்ணீர் அடிப்பார்கள். எங்கள் குழு இறங்கும்போது அப்போதுதான் அடித்திருந்தார்கள். அரை மணி நேரம் நடந்திருப்பேன். இடது காலில் ஏதோ வழுக்கியது. சேறு ஒட்டியிருக்கிறது என்று உதறினேன். உதறியதில் குதிகால் பாதி கழன்று கீழே விழுந்தது! குனிந்து எடுத்தால் கையில் பிசுபிசுவென்று, ஊறிப்போன பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. பத்து அடி நடப்பதற்குள் வலது காலும் அதே கதி. மேலே தோல் பளபளவென்று புதுசு. கீழே ஒன்றுமே இல்லை.

நண்பர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் எங்களை அழைத்துப் போன மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. "ஓடற பெல்ட் பக்கத்துல இந்தக் கால் வழுக்கியிருந்தா என்னாகும்னு தெரியுமா தம்பி?" என்று கேட்டுவிட்டு, என்னை மட்டும் ஜீப்பில் ஏற்றி மேலே அனுப்பிவிட்டார். அவர் சொன்னது சரி. பாதுகாப்புக் காலணி இல்லாமல் யாரும் சுரங்கத்தில் இறங்கக் கூடாது என்று 1957ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறையே சொன்னது. அதற்குப் பதிலாக 2017இல் வந்த ஒழுங்குமுறையிலும் அந்த விதி உண்டு. அதே 1957 மே மாதம்தான் நேரு வந்து நெய்வேலியில் மண் வெட்டும் வேலையைத் தொடங்கி வைத்தார். ஆக, இந்தச் சுரங்கத்தின் வயதுதான் அந்த விதிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் காரணம் தேடினேன். வேதியியல் ஆசிரியரிடம் கேட்டேன், அவர் பலகையில் எழுதியே காட்டினார். ஷூ சோலுக்குப் பயன்படும் பாலியூரித்தேனில் பாலியெஸ்டர் வகை, பாலியீத்தர் வகை என இரண்டு உண்டு. பாலியெஸ்டர் வகையின் சங்கிலியில் இருக்கும் எஸ்டர் இணைப்பைத் தண்ணீர் மெல்ல மெல்ல வெட்டிவிடும். தண்ணீர் என்றால் வாளித் தண்ணீர் வேண்டாம், காற்றில் இருக்கும் ஈரப்பதமே போதும். வெப்பமும் சேர்ந்தால் வேகம் கூடும். கடலூர் மாவட்டத்துப் புழுக்கத்தில், ஓட்டுச் சூட்டில், பிளாஸ்டிக் பைக்குள் ஐந்து வருடம்... அம்மா பத்திரப்படுத்தியது ஈரத்தையும் சேர்த்துத்தான். இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. இந்த மலரை அவள் படித்தால்தான் உண்டு.

அதிலும் வினோதம், தினமும் போட்டுக்கொண்டிருந்தால் இந்த வகை சோல் இப்படித் திடீரென்று உதிர்வதில்லை, தேய்ந்துதான் போகும். சும்மா கிடப்பதுதான் எமன். அதனால் தயாரித்த மூன்று ஆண்டுக்குள் பயன்படுத்துங்கள் என்று பல தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். தயாரித்த ஆண்டும் காலாண்டும் ஷூவிலேயே பொறித்திருக்க வேண்டும் என்பதும் விதி. அண்ணனுடைய ஷூவின் உள்ளே பார்த்தேன்: 2019. இருந்திருக்கிறது, நாங்கள்தான் யாரும் பார்க்கவில்லை. குளிர்நாடுகளில் பனிச்சறுக்கு விளையாடுகிறவர்கள் போடும் கடின ஓட்டுக் காலணிகளுக்கும் இதே வியாதி உண்டாம். நன்றாகவே இருக்கிறது என்று பழைய ஜோடியை மாட்டிக்கொண்டு மலையில் இறங்க, ஓடு சில்லுச் சில்லாக உடைந்து, ஆள் ஒரு பக்கம் பூட்ஸ் ஒரு பக்கம். பனியில் விழுந்தவனுக்கும் நெய்வேலிச் சேற்றில் நின்றவனுக்கும் ஒரே வேதியியல்!

அன்று சாயங்காலம் அப்பா தன் பூட்ஸை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "இதைத் தொட்டுப் பாரு" என்றார். வலது காலின் மூக்கில் தோலுக்கு அடியில் ஒரு பள்ளம். கட்டைவிரல் நுனி பதியும் அளவு. பெல்ட்டுக்கு அடியில் சுழலும் ஐட்லர் உருளையை மாற்றும்போது கை நழுவிக் காலில் விழுந்ததாம். எந்த வருடம் என்று கேட்டேன். "நீ ஏழாவது படிக்கிறப்போ" என்றார். எங்களுக்குத் தெரியவே தெரியாது. விரல் நீலம் பாரித்ததோடு போயிற்று, வீட்டில் சொன்னால் அம்மா பயப்படுவாள் என்று விட்டுவிட்டார். இரும்புத் தொப்பி வளைந்து விரலையே வெட்டிவிடும் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. இரும்பையே அந்த அளவுக்கு மடக்கக்கூடிய பாரம் விழுந்தால், தொப்பி இல்லாத காலில் வெட்டுவதற்கு விரலே மிஞ்சியிருக்காது.

அடி வாங்கிய மறுநாளே அப்பா வேறு ஜோடிக்கு மாறிவிட்டார். அடிபட்ட தொப்பியை மறுபடி நம்பக் கூடாது. பள்ளம் கண்ணுக்குத் தெரிந்ததால் மாற்றினார். பிளாஸ்டிக் தொப்பி அப்படி இல்லை. அடி விழுந்ததும் அமுங்கி, திரும்ப எழும்பி, ஒன்றும் நடக்காதது போல நிற்கும். உள்ளே விரிசல் இருக்கலாம். பழைய பூட்ஸ் தேய்ந்தால் தெரியும், கிழிந்தால் தெரியும், அடிபட்டாலும் தெரியும். புதிய ஷூ எல்லாவற்றிலும் உயர்ந்ததுதான், ஆனால் தன் வியாதியை வெளியே சொல்வதில்லை. தேதியைப் பார்த்து நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் என் ஓட்டு இரும்புக்கே என்று அப்பாவிடம் அறிவித்தேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"போடா" என்றார் அப்பா. "அந்த லேசு ஷூ எனக்கு அப்பவே கெடைச்சிருந்தா இந்த முட்டி இப்படிப் போயிருக்காது. ராத்திரில ரெண்டு தடவை எழுந்திரிக்கிறேனே, அது பாத்ரூம் போறதுக்கா? வலி தாங்காம." சொல்லிவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டே டி.வி. பக்கம் திரும்பிவிட்டார். 350 கிராமை நான் தராசில் பார்த்தேன்; அவர் முப்பத்துநான்கு வருடம் காலில் பார்த்தவர். அன்று காலையில் அம்மிக்கல் என்று நான் கேலி செய்தபோது அவர் ஏன் வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் கடைக்குப் போனோம், அப்பாவும் சேர்ந்து. சாயங்காலமாகத்தான் போக வேண்டும் என்றார். நடந்து நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் அளவு பார்த்தால்தான் சரியாக வருமாம். தடித்த காலுறையையும் கையோடு எடுத்துப் போனோம். லேசான ஷூவே வாங்கினோம், ஆனால் தேதியைப் பார்த்து. அடுக்கில் முதலில் இருந்த ஜோடி மூன்று வருடப் பழசு. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார். அப்பா பேசாமல் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளேயிருந்து நான்கு மாதத்துக்கு முன் தயாரானதை எடுத்து வரச் செய்தார். வீட்டுக்கு வந்ததும் என் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி நாக்குத் துணியில் "5/2025" என்று எழுதினார்.

அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லத் தயங்கிக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தவர் தானாகவே பார்த்துவிட்டார். உதிர்ந்த சோலை விரலால் நிமிண்டிப் பார்த்தார். "வளைகுடாவுக்குப் போயிருந்தா அங்கேயே தேஞ்சிருக்கும்" என்றார். பிறகு இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு மெயின் பஜார் பக்கம் செருப்பு தைப்பவரிடம் போனார். நானும் கூடப் போனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேல்தோல் முதல் தரம், ரப்பர் சோல் வச்சுத் தைச்சுத் தரேன். ஆனா இதைப் போட்டுக்கிட்டு சுரங்கத்துக்கெல்லாம் போயிடாதீங்க" என்றார்.

"எங்க கடைக்குத்தாங்க" என்றார் அண்ணன். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து அதைத்தான் போட்டுக்கொண்டு கடை திறக்கிறார்.