பத்துக்கு ஒண்ணு

மிலிட்டரி தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், கம்பளிக்குக் கீழே அந்தப் பந்து கிடந்தது. காற்றுப் போய், மிதித்து விட்ட பணியாரம் போலச் சப்பிக் கிடந்தது. 1982 கோடை விடுமுறை. எனக்குப் பத்து வயசு. அவர் எனக்குச் சொந்தத் தாத்தா இல்லை. எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து, வெல்லிங்டனில் பல வருஷம் கழித்து, பென்ஷனோடு புள்ளலூருக்குத் திரும்பியவர். அதனால் ஊருக்கே தாத்தா.

"இது கால்பந்துடா. கையால தொடக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே கையால்தான் எடுத்துக் கொடுத்தார்.

இப்போதைய பந்து மாதிரி இல்லை அது. தோல். ஒரு பக்கம் பூட்ஸுக்குக் கட்டுவது போல நாடா. உள்ளே ரப்பர் பிளாடர். சைக்கிள் கடையில் பிளாடரைப் பிதுக்கி வெளியே எடுத்தோம். இரண்டு ஓட்டை. பஞ்சருக்குத் தேய்ப்பது போலத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, பழைய டியூப் துண்டை ஒட்டிக் கொடுத்தார் கடைக்காரர். பம்பு வைத்துக் காற்றடித்து, பிளாடரின் மூக்கை மடக்கி நூலால் இறுக்கி, உள்ளே தள்ளி, நாடாவை இழுத்துக் கட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கடைசியில் வந்த உருவம் முழு உருண்டை இல்லை, கொஞ்சம் பூசணி. நாடா இருக்கும் பக்கம் நெற்றியில் பட்டால் மூணு நாளைக்குத் தடம் இருக்கும். மழையில் நனைந்தால் கல்லு. காய்ந்ததும் விளக்கெண்ணெய் தடவ வேண்டும். அந்த வேலை என்னுடையது. பந்தைத் தொட்டுவிட்டு வீட்டுக்குள் வந்தால் ஆயா மூக்கைப் பிடித்துக்கொள்வாள்.

மைதானம் என்று தனியாக எதுவும் இல்லை. தண்ணீர் வற்றிய ஏரியின் உள்வாய்தான். ஒரு பக்கம் கோலுக்கு இரண்டு பனைமரம் வாகாக நின்றன. எதிர்ப்பக்கம் செருப்பை வைத்து அடையாளம் போடலாம் என்றால் யாருக்கும் செருப்பு கிடையாது. செங்கல் வைத்தோம். வெறுங்காலில்தான் ஆட்டம். வேலிகாத்தான் முள் ஏறாத கால் எங்கள் கூட்டத்தில் ஒன்றுகூட இல்லை. ராத்திரி ஆயா ஊக்கை விளக்கில் காட்டி, என் பாதத்தை மடியில் போட்டுக்கொண்டு முள்ளை நெம்புவாள். "இன்னா வெளையாட்டுடா இது, கால ரணமாக்கினு வர்ற" என்று ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு தடவை கேட்பாள்.

அணி பிரிப்பதில்தான் சண்டை. எங்கள் ஊர் போர்க்களம். 1780 செப்டம்பர் 10ஆம் தேதி திப்பு சுல்தான், கர்னல் பெய்லியின் கும்பெனிப் படையை இங்கேதான் சின்னாபின்னமாக்கினார். பெய்லியைச் சிறை பிடித்தார்கள். அந்தச் சண்டையை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரிதாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கு ஆயிரத்து நூறு வருஷத்துக்கும் முன்னால் மகேந்திரவர்ம பல்லவனும் சாளுக்கியப் புலிகேசியும் மோதிக்கொண்டதும் இதே மண்ணில். கழனிகளுக்கு நடுவே வெள்ளைக்காரச் சமாதிகள் உண்டு. ஆடு மேய்க்கிறவர்களுக்கு அது நிழல். எங்களுக்கு மகேந்திரவர்மன் எல்லாம் தெரியாது, திப்புவைத் தெரியும். ஆகவே திப்பு டீம், பெய்லி டீம். பெய்லி டீமுக்குப் போக ஒருத்தனும் சம்மதிக்க மாட்டான். தாத்தா காசைச் சுண்டிப் போட்டுத் தீர்த்து வைப்பார். என்னை மட்டும் எந்த டீமும் கேட்காது. ஓட வராது. அதனால் நிரந்தர கோல்கீப்பர். இந்த வாரம் திப்புவுக்கு, அடுத்த வாரம் பெய்லிக்கு.

தாத்தா என்னைத் தேற்றத் தங்கராஜ் கதை சொல்வார். பீட்டர் தங்கராஜ். ஆறடிக்கு மேல் உயரம். அவரும் பட்டாளத்தில் சேர்ந்தபோது முன்வரிசையில் ஆடியவர்தானாம், அப்புறம்தான் கோலுக்குள் நிறுத்தினார்களாம். "எங்க ரெஜிமென்ட் சென்டர் டீம் டூரண்ட் கப்பை ரெண்டு வாட்டி அடிச்சுதுடா கண்ணு, அம்பத்தஞ்சுல ஒண்ணு, அம்பத்தெட்டுல ஒண்ணு. அவன் கைய விரிச்சா கோலே தெரியாது" என்பார். அதே 1958இல் தங்கராஜை ஆசியாவிலேயே சிறந்த கோல்கீப்பர் என்றார்கள். நான் கையை விரித்தால் இரண்டு பனைமரத்துக்கும் நடுவில் மாட்டுவண்டி போகும்.

மே கடைசியில் டவுன் பள்ளிக்கூடத்துப் பையன்கள் வந்தார்கள். எல்லோரும் கேன்வாஸ் ஷூ. முட்டி வரை காலுறை. அவர்களில் ஒருத்தன் என் காலைப் பார்த்துவிட்டு இன்னொருத்தன் காதில் ஏதோ சொன்னான். அன்றைக்கு நாங்கள் எல்லோருமே திப்பு டீம். ஏழு கோல் வாங்கினோம். ஏழும் என்னைத் தாண்டிப் போனவை. ஒரு பந்து என் இரண்டு காலுக்கும் நடுவில் போயிற்று, அதைத்தான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. எங்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை. அன்றிலிருந்து ஏரிப் பக்கம் போவதை நிறுத்தினேன். பந்துக்கு எண்ணெய் தடவக்கூடப் போகவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. ஆறாம் வகுப்பு. பள்ளிக்குப் போகும் வழியில் டீக்கடை. தாத்தா அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை உரக்க வாசிப்பார், கடைக்கு அதுதான் ரேடியோ. ஸ்பெயினில் உலகக் கோப்பை தொடங்கியிருந்தது. ஊரில் டிவி கிடையாது. ஒரு காலை அவர் வாசித்தார்: "ஹங்கேரி பத்து. எல் சால்வடோர் ஒண்ணு."

கடையில் சிரிப்பு. எல் சால்வடோர் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நான்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தேன். ஏழு வாங்கினவனுக்குப் பத்து வாங்கினவனைப் பார்த்தால் எவ்வளவு ஆறுதல்! "பத்தா! கோலி என்ன தூங்கினானா தாத்தா?"

தாத்தா சிரிக்கவில்லை. பேப்பரை மடித்து முட்டியில் வைத்தார்.

"நாமளும் வாங்கிக்கிறோம்டா. இதே கணக்கு. பத்துக்கு ஒண்ணு."

"யாரு, நம்ம ஊரா?"

"நம்ம நாடு."

டீ ஆறிப்போகும் வரை சொன்னார். 1952, ஹெல்சிங்கி ஒலிம்பிக். நம் ஆட்கள் பெரும்பாலும் வெறுங்காலில் இறங்கினார்கள். அதற்கு முந்தைய வருஷம்தான் டெல்லியில், முதல் ஆசிய விளையாட்டில், மேவாலால் அடித்த ஒரே கோலில் ஈரானை ஜெயித்துத் தங்கம் வாங்கியிருந்தார்கள். 1948இல் லண்டனில் பிரான்ஸிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றபோதும் வெறுங்கால்தான். அன்று நமக்காகக் கோல் போட்டவர் சாரங்கபாணி ராமன், நம் ஆட்கள் இரண்டு பெனால்டியைத் தவறவிடாமல் இருந்தால் ஜெயித்தே இருக்கலாம். அந்தத் தைரியத்தில் பின்லாந்துக்குப் போனார்கள். ஹெல்சிங்கியில் குளிர். எதிரே யுகோஸ்லாவியா. ஜூலை 15ஆம் தேதி பத்து கோல்.

"பூட்ஸ் போட்டா பந்து காலுக்குத் தெரியாது. அப்டிதான் நெனச்சாங்க. நானும் அப்டிதான் நெனச்சேன். பட்டாளத்துல மொத வாரம் பூட்ஸு கடிச்சு நொண்டினேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா பத்து விழுந்தப்புறமும் ஒருத்தன் ஓடிப்போய் ஒண்ணு போட்டான் பாரு. அகமது கான். பெங்களூர்க்காரன். அவன் பேர வச்சுக்கோ."

நான் வைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

இன்னொரு கதையும் அவர் சொன்னார். 1950 உலகக் கோப்பைக்கு நாம் தேர்வாகியும், வெறுங்காலோடு வரக்கூடாது என்று வெள்ளைக்காரன் தடுத்துவிட்டான் என்பது. பல வருஷம் அதை நானும் பத்துப் பேருக்குச் சொன்னேன். இந்தியா முழுக்க நம்பிய கதை அது. உண்மை அவ்வளவு சுவாரஸ்யம் இல்லை. பர்மா, பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா மூன்றும் விலகிக்கொண்டதால் ஆடாமலே தேர்வானோம். இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த பிரிவில் இடமும் போட்டார்கள். பிரேசில்காரர்கள் செலவில் பெரும்பங்கை ஏற்கத் தயாராக இருந்தார்கள். நம் கால்பந்துச் சங்கம்தான் கப்பல் பயணம், செலவு, பயிற்சிக்கு நேரமில்லை என்று யோசித்துப் போகாமல் விட்டது. அந்தக் காலத்தில் அவர்களுக்கு ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பை பெரிதாகத் தோன்றவில்லை. வெறுங்காலைக் காரணம் சொன்னால் பழியை வெள்ளைக்காரன் தலையில் போடலாம். திப்பு ஊர்க்காரனுக்கு அது வசதியாக இருந்தது, நம்பிவிட்டேன்.

ஹெல்சிங்கிக்குப் பிறகு பூட்ஸைக் கட்டாயமாக்கினார்கள். ரஹீம் சாகிப் பயிற்சியாளர். நாலே வருஷம். 1956 மெல்போர்னில் நெவில் டிசூசா மூன்று கோல் போட, ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே நாலுக்கு இரண்டு என்று தோற்கடித்தது இந்தியா. அரையிறுதியில் மறுபடி அதே யுகோஸ்லாவியா. முதல் கோல் நம்முடையது! அப்புறம் நாலு வாங்கினோம், அது வேறு. நாலாம் இடம். அந்த அணியில் தங்கராஜ் இருந்தார், தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த செகந்திராபாத் பலராமும் இருந்தார். 1962இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்று வென்று மறுபடி ஆசியத் தங்கம். தலையில் தையல் போட்ட ஜர்னைல் சிங்கை முன்வரிசையில் இறக்கினார் ரஹீம். அவரும் ஒரு கோல் போட்டார். மறு வருஷம் ரஹீம் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். அதோடு நம் கதையும் ஏறக்குறைய நின்றது.

எல் சால்வடோர் எங்கே இருக்கிறது என்பதைப் பள்ளிக்கூட அட்லஸில் தேடினேன். மத்திய அமெரிக்காவில், இரண்டு அமெரிக்காவையும் இணைக்கும் குறுகலான தரையில், பென்சில் முனையால் மறைத்துவிடும் அளவுக்கு ஒரு நாடு. பெரியவனாகித்தான் மற்றது தெரிந்தது. 1969இல் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டங்களை ஒட்டி ஹோண்டுராஸோடு அது போருக்கே போயிருக்கிறது. ஜூலை 14ஆம் தேதி தொடங்கி நூறு மணி நேரம் நடந்த சண்டை. கால்பந்துப் போர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அடியில் இருந்தது நிலப் பிரச்சினை; ஹோண்டுராஸுக்குப் பிழைக்கப் போன லட்சக்கணக்கான சால்வடோர்க் குடியானவர்களைத் துரத்திய பிரச்சினை. பந்து தீக்குச்சி மட்டும். போர் நடந்த ஊரில் பிறந்தவனுக்கு இது சட்டென்று புரிகிறது: களத்தின் பெயர்தான் நிற்கும், காரணம் போய்விடும்.

1982இல் அங்கே உள்நாட்டுப் போர். இருபத்திரண்டு பேரைக் கூட்டிப் போகலாம் என்றிருக்க, இருபது பேரோடுதான் ஸ்பெயினுக்குப் போயிருக்கிறார்கள். கோலில் நின்ற லூயிஸ் கெவாரா மோராவுக்கு இருபது வயது. நான் தூங்கினானா என்று கேட்டேனே, அந்த ஆள்.

சில வருஷம் முன்னால் போனில் அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். எல்செ நகரம், ராத்திரி ஆட்டம். ஐந்துக்குப் பூஜ்யம் என்று இருக்கும்போது, 64ஆவது நிமிஷம் ராமிரெஸ் சபாத்தா பந்தை உள்ளே தள்ளுகிறார். தள்ளிவிட்டு, கோப்பையையே வாங்கிவிட்ட மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். "சும்மா இரு, அவங்களுக்குக் கோபம் வந்துடும்" என்று கூட்டாளிகள் அடக்கினார்களாம், அப்படி ஒரு கதை உண்டு. கோபமோ என்னவோ, மாற்று ஆட்டக்காரராக வந்த லாஸ்லோ கிஸ் ஏழு நிமிஷத்தில் மூன்று போட்டார். மொத்தம் பத்து. நான் கெவாரா மோராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் வலைக்குள் போய்ப் பந்தை எடுத்து வருவது எப்படி என்று எனக்குத் தெரியும். வலை இல்லாத எங்கள் ஏரியில் அது இன்னும் கஷ்டம், பந்து கரை வரை உருண்டு போய்விடும்.

அதே பையன் நாலு நாள் கழித்து பெல்ஜியத்துக்கு எதிராக ஒரே ஒரு கோல்தான் விட்டார். அடுத்தது நடப்புச் சாம்பியன் அர்ஜென்டினா, மரடோனா ஆடிய அணி. அதில் இரண்டு. இதை எந்த டீக்கடையிலும் யாரும் வாசித்திருக்க மாட்டார்கள்.

தாத்தா இப்போது இல்லை. பந்தின் தோல் எப்போதோ இற்றுப்போயிற்று. பிளாடரைக் கிழித்து உண்டிவில்லுக்கு எடுத்துக்கொண்டோம். தங்கராஜ் 2008இல் காலமானார், அகமது கான் 2017இல்.

எல் சால்வடோர் இரண்டு உலகக் கோப்பையில், 1970இலும் 1982இலுமாக, மொத்தம் ஆறு ஆட்டம் ஆடியிருக்கிறது. ஆறிலும் தோல்வி. போட்டது அந்த ஒரே கோல். இந்தியாவின் உலகக் கோப்பைக் கணக்கில் அதுவும் இல்லை.