டொட்டோரோவின் காட்டை வெட்டியவர்கள்

மியாசாகியின் ‘டொட்டோரோ’ படத்தை (1988) விடுதி அறையில் ஒரே லப்டொப்பைச் சுற்றியிருந்து எத்தனை தரம் பார்த்தோம் என்று கணக்கில்லை. அதில் வருகிற காடு மனிசர் கைபடாதது என்றுதான் நாங்கள் நால்வரும் நினைத்திருந்தோம். புவியியல் ஒப்படைக்காக ‘சடோயாமா’ பற்றி வாசிக்கத் தொடங்கியதும் அந்த நினைப்பு போய்விட்டது.

சடோ என்றால் ஊர், யாமா என்றால் மலை. ஊருக்கும் ஆழ்மலைக்கும் நடுவில் இருக்கிற வயல், குளம், புல்வெளி, விறகுக்காடு எல்லாம் சேர்ந்ததுதான் சடோயாமா. படத்துக்குப் பின்னணியான சயாமா குன்றுகளும், டோக்கியோவுக்குப் பக்கத்தில், அப்படியான நிலம்தான். (டொட்டோரோ குடியிருக்கிற பெரிய கற்பூரமரம் வேற கதை. அது கோயில் மரம், ஒருவரும் தொடமாட்டார்கள்.)

கொனாரா, குனுகி என்ற ஓக் மரங்களை 15, 20 வருடத்துக்கு ஒருக்கா அடிக்கட்டையை மட்டும் விட்டு வெட்டுவார்கள். கட்டை திரும்பத் துளிர்க்கும். வெட்டினது விறகுக்கும் கரிக்கும். குளிர்காலத்தில் சருகைக் கூட்டிக் குவித்து எருவாக்குவார்கள். வசந்தத்தில் பச்சைப் புல்லையும் இளங்கொப்பையும் வெட்டி வயல் சேற்றுக்குள் மிதிப்பார்கள். எங்கட பக்கம் குழை தாழ்க்கிற மாதிரியேதான். அந்தச் சருகுக் குவியலுக்குள் வண்டின் புழு வளரும். வளர்ந்த வண்டு குனுகி மரத்துப் பாலைக் குடிக்கும். தவளை வயல் தண்ணீரில் முட்டையிட்டு, பிறகு காட்டுக்குள் போய்விடும். பொதுக்காட்டுக்குள் எப்ப போகலாம், எவ்வளவு வெட்டலாம் என்பதற்கு ஊர்க் கட்டுப்பாடு இருந்தது. மீறினால் சில ஊர்களில் தண்டம் சாகேயாகக் கட்டவேணும்!

1950, 60களில் காஸும் மண்ணெண்ணெயும் உரப்பையும் வந்தன. காட்டுக்குள் போக ஒருவருக்கும் தேவை இல்லாமல் போனது. வெட்டாத ஓக் தடித்து நிழல் மூட, வசந்தப் பூக்கள் குறைந்தன. மூங்கில் பரவியது. காட்டுப்பன்றி வயலுக்கு இறங்கியது.

எங்கள் முதல் வரைவில் “மனிதர் விலகினால் இயற்கை மீளும்” என்று பெரிசாக எழுதியிருந்தோம். அதை அழிக்க வேண்டி வந்தது. பதிலாக “இயற்கையை நேசித்த விவசாயிகள்” என்று எழுதப் பார்த்தோம். எங்களில் ஒருத்தி அம்மம்மாவுக்கு ஃபோனில் வாசித்துக் காட்ட, அவ சிரித்தா. “நாங்கள் பூவரசங்குழை முறிச்சது ஆசையிலயே பிள்ளை? உரம் வாங்கக் காசில்லாமத்தான்.” அதையும் அழித்தோம்.

தேவை போனபிறகு என்ன செய்வது? சயாமாவில் நன்கொடை சேர்த்து, 1991இலிருந்து காட்டுத்துண்டுகளை வாங்கிப் பராமரிக்கிறார்கள். எங்களுக்கு அதைவிடப் பிடித்தது சாடோ தீவுக் கதை. ஜப்பானில் பிறந்த கடைசி ‘தோக்கி’, ஐபிஸ் இனப் பறவை, 2003இல் செத்துப்போனது. சீனாவிலிருந்து வந்த சோடியின் வழியில் பெருக்கி, 2008இல் குஞ்சுகளின் தலைமுறையை வெளியே விட்டார்கள். பறவைக்கு இரை வேணுமே. விவசாயிகள் பூச்சிமருந்தைக் குறைத்து, தண்ணீர் வற்றினாலும் மீன் தங்க வயலோரம் வாய்க்கால் வெட்டினார்கள். அந்த அரிசி தனிப் பெயரோடு சந்தைக்குப் போகிறது. நேசம் என்றில்லை, விலையும்தான்.

இதையும் அம்மம்மாவுக்குச் சொன்னோம். “அது நாத்தை மிதிக்காதோ?” என்று கேட்டா.

மிதிக்கும். முந்தி அங்கத்தைய விவசாயிகளுக்கு அதில் கோபமே அதுக்குத்தான்.