இரண்டாம் முறையும் வழியவிடுங்கள்

ஸ்டேக் நிரம்பி வழிந்தபின் புரோகிராம் மீண்டு எழுகிறதா என்று சோதிப்பவர்கள் பலர், ஒருமுறை வழியவிட்டுப் பார்த்து, பிழைத்துக்கொண்டதும் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அது போதவே போதாது.

விண்டோஸில் ஒரு த்ரெட்டின் ஸ்டேக் வழக்கமாக 1 எம்பி. விளிம்பில் கார்டு பேஜ் காவல் நிற்கும். வழிதல் அதைத் தொட்டதும் எக்செப்ஷன் எழும். கூடவே அந்தக் காவலும் நீங்கிவிடும். ரீசெட்-ஸ்டேக்-ஓவர்ஃப்ளோ ஃபங்ஷனை அழைத்து அதைத் திரும்ப நிறுத்தாவிட்டால், அதே த்ரெட்டில் அடுத்த வழிதலுக்கு மொத்த புராசஸும் சத்தமில்லாமல் சாகும். முதல் சோதனையில் இது தெரியவே தெரியாது.

லினக்ஸில் சிக்கல் வேறு இடத்தில். ஸ்டேக் தீர்ந்தபின் சிக்னல் ஹேண்ட்லர் ஓடவே இடமில்லை. சிக்ஆல்ட்ஸ்டேக் மூலம் தனி இடம் தரவேண்டும். அந்த ஏற்பாடு ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனி. மெயின் த்ரெட்டில் மட்டும் சோதித்தால் மற்றவை அம்போதான்.

கம்பைலரையும் நம்பாதீர்கள். ஆப்டிமைசேஷன் போட்டால், ஸ்டேக்கை நிரப்ப நீங்கள் எழுதிய ரிகர்ஷனை அது லூப்பாக மாற்றிவிடலாம். அப்புறம் ஸ்டேக் எங்கே நிரம்பும்? ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு வாலட்டைல் பஃபரை வைத்து, அழைப்பு திரும்பியபிறகும் அதைப் படிக்கச் செய்யுங்கள்.